பெரிய வீடு கேட்டு ஒரு மனு

(திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுவசதியும் கூட்டுறவும் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியே உத்தியோகக் காலத்தைக் கழித்தவன் என்பதால் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீடே இல்லாதவர் எங்கே போய் மனு கொடுப்பது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு வீடு இருக்கிறது. அரசு கொடுத்த வீடோ, வீட்டுவசதி வாரிய வீடோ, சங்கக் கடனில் கட்டிய வீடோ. ஆனால் குடும்பம் பெருகிவிட்டது, இடம் போதவில்லை. அவர் எங்கே போய் நிற்பார்? இதுதான் இன்றைய பேச்சு.

திங்கட்கிழமை காலையில் இந்த வேலூர் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். மக்கள் குறைதீர்க்கும் நாள். செங்கத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, கையில் பிளாஸ்டிக் உறையில் ஆதார் நகலும் குடும்ப அட்டை நகலும் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குள் போகிறார்கள். வீட்டுமனைப் பட்டா கேட்கும் மனுக்களில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்: "ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக மிகுந்த சிரமத்துடன் வசித்து வருகிறோம்." மனு எழுதித் தருபவருக்கு அது மனப்பாடம். கேட்பவர் உண்மையில் சொல்வது என்ன? என் வீடு சின்னது, எனக்குப் பெரிய வீடு வேண்டும் என்பதுதான். ஆனால் அப்படிக் கேட்க நம் நாட்டில் படிவம் கிடையாது. ஆகவே மனையாகக் கேட்கிறார், தனி வீடாகக் கேட்கிறார்.

அதற்கு எந்த அலுவலகத்திலும் முதலில் வரும் கேள்வி இதுதான்.

"தனி கார்டு இருக்காம்மா?"

"இல்லீங்க சார். மாமியார் கார்டுலதான் எங்க பேரும் இருக்கு."

"அப்ப மொதல்ல கார்டைப் பிரிச்சிட்டு வாங்க."

கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய விதிப்படி குடும்பம் என்றால் ஓர் அட்டை, ஓர் அடுப்பு. ஓர் அட்டைக்குள் பதினோரு பேர் இருந்தாலும் ஒரு குடும்பம். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தால் அவர்கள் வீடில்லாதவர்கள் ஆகமாட்டார்கள். அதனால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கூடத்தின் மூலையில் இன்னோர் அடுப்பை மூட்டி, தனிச் சமையல் என்று காட்டி, புது அட்டைக்கு எழுதிப் போடுகிறார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, அட்டைக்கு ஒரு தலைவி, மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆனதும் இந்த வேகம் இன்னும் கூடியது. பாகம் பிரிக்காத குடும்பம் கூட அட்டையைப் பிரித்துக்கொண்டது.

இதில் உள்ள கோணலைக் கவனியுங்கள். பெரிய வீடு வேண்டுமென்றால் இங்கே நம் குடும்பம் சின்னது என்று நிரூபிக்க வேண்டும். வருமானத்திலும் இதே கதை. மத்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள். அதாவது மாதம் இருபத்தைந்தாயிரம். அப்பாவுக்குப் பதினாறாயிரம், மகனுக்குப் பன்னிரண்டாயிரம் என்று ஒரே கூரையின் கீழ் சம்பாதிப்பதை ஒரே குடும்பமாகக் கணக்கிட்டால் வரம்பு தாண்டிவிடும். அட்டையைப் பிரித்துவிட்டால் இருவரும் நலிந்தவர்கள். கூட்டுக்குடும்பம் நம் பண்பாடு என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். படிவமோ கூடி வாழ்பவனுக்கு அபராதம் போடுகிறது.

இது ஏதோ நம் ஊர்க் குறை, அங்கொன்றும் இங்கொன்றும் நடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையில் மத்திய அரசு ஒரு தொழில்நுட்பக் குழு போட்டது. நகர்ப்புற இந்தியாவில் எத்தனை வீடு பற்றாக்குறை என்று அந்தக் குழு 2012-இல் கணக்கிட்டது. 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் என்று விடை வந்தது. அந்தத் தொகையைப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்த 1.87 கோடியில் வீடே இல்லாமல் தெருவில் இருக்கும் குடும்பங்கள் 5 லட்சத்துச் சொச்சம்தான். இடிந்து விழும் நிலையிலுள்ள பழைய வீடுகளும் மண், ஓலை வீடுகளுமாக ஏறக்குறைய 33 லட்சம். மீதி 1 கோடியே 49 லட்சத்து 90 ஆயிரம், அதாவது ஐந்தில் நான்கு பங்கு, நெரிசல். நெரிசல் என்று அவர்கள் எதைச் சொன்னார்கள்? மணமான தம்பதிக்குத் தனி அறை இல்லாத வீட்டை.

இதைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்துக்கொள்கிறீர்கள், சிலர் தலை குனிகிறீர்கள். இரண்டுக்கும் காரணம் எனக்குத் தெரியும். நம் வீடுகளில் வெளியே சொல்ல முடியாத, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை அது. நாட்டின் வீட்டுப் பற்றாக்குறை என்பது பெரும்பாலும் வீடின்மை அல்ல, அறையின்மை என்று அரசின் குழுவே எழுதி வைத்துவிட்டது. ஆனாலும் திட்டங்களின் முதல் நிபந்தனை என்ன? இந்தியாவில் எங்குமே சொந்தமாகக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. நோய் ஒன்று, மருந்துச் சீட்டு வேறொன்று.

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதன் பின் ஐந்து வருடத்தில், 1909-இல், பெங்களூரில் வீடு கட்டுவதற்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் அதுதான் முதல் என்பார்கள். நாடு விடுதலை பெற்ற கையோடு சென்னை அடையாற்றில் காந்தி நகரை உருவாக்கியதும் ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கம்தான். இன்றைக்கு அங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை என்று கேட்டால் கூட்டுறவு என்ற சொல்லே மறந்துபோகும். அரசு தரப்பில், சென்னை நகர அபிவிருத்தி அறக்கட்டளையாக இருந்தது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வீட்டுவசதி வாரியமாக மாறி மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 2021-இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள்.

நம் ஊருக்கு இதெல்லாம் எப்போது வந்து சேர்ந்தது? 1989 செப்டம்பர் 30-இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தலைமையிடமாகக் கொண்டு மாவட்டம் அமைத்தார்கள். அதுவரை எதற்கும் வேலூர்தான். ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலுக்கு வந்தது. பின்னாலேயே அலுவலர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள், ஸ்டாம்பு விற்பவர், டீக்கடை என்று ஒரு ஊரே வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த கிராமம் மனைப் பிரிவுகளாக ஆனது. மழை பலமாகப் பெய்தால் வேங்கிக்கால் ஏரி நிரம்பிச் சாலைக்கும் வீடுகளுக்கும் வந்து பழைய பாத்தியதையைக் கேட்டுவிட்டுப் போகிறது; அது வேறு பேச்சு.

அப்படி வந்தவர்கள் சின்னக் குடும்பமாக வந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையல்கட்டு போதுமாக இருந்தது. வாரியமும் அந்த அளவில்தான் கட்டியது. முப்பது வருடம் கழித்து அந்தக் கைக்குழந்தைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கிராமத்திலிருந்து அம்மாவும் வந்துவிட்டார். வீடு மட்டும் அன்றைக்கு இருந்த அளவில்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட வீடு ஒன்றைக் கிட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். குறைந்த வருவாய்ப் பிரிவு வீடு. வாசல் திண்ணைக்குக் கிரில் அடித்து, மேலே தகரம் போட்டு, அதை ஓர் அறையாக்கியிருந்தார்கள். ஸ்கூட்டியும் துணி காயும் கொடியும் பாட்டியின் கயிற்றுக் கட்டிலும் அதில்தான். உள்ளே படுக்கையறை மகனுக்கும் மருமகளுக்கும். கூடத்தில் ராத்திரி பத்து மணிக்கு டீவியை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் பாய் விரிக்க முடியும். அதில் பெரியவரும் அவர் மனைவியும். மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்கு மாடிப்படித் திருப்பம்; அங்கே ஒரு ஸ்டூல், ஒயர் இழுத்து ஒரு பல்பு. தீபத் திருவிழா நெருங்கினால் இதே வீட்டுக்குச் சொந்தபந்தம் பத்துப் பேர் வந்து இறங்குவார்கள். அண்ணாமலையாரைப் பார்க்க வந்தவர்களை இடமில்லை என்று சொல்ல முடியுமா? மொட்டை மாடியில் ஜமக்காளம் விரிப்பார்கள். கார்த்திகைப் பனியில் படுத்துக்கொண்டு மலைமேல் ஜோதி பார்ப்பதும் ஒரு சுகம்தான், மழை வராத வரைக்கும்.

அந்தப் பெரியவர் சும்மா இருந்தவர் அல்ல. மாடியில் ஓர் அறை போடலாம் என்று வரைபட அனுமதிக்குப் போனார். விற்பனைப் பத்திரம் கேட்டார்கள். அவரிடம் இருந்தது ஒதுக்கீட்டு ஆணையும் தவணை கட்டிய ரசீதுகளும்தான். வங்கியிலும் அதே பதில். இது அவர் ஒருவர் கதை இல்லை. தவணை முறையில் வாங்கியவர்களுக்கு, இறுதி விலை நிர்ணயம் ஆகவில்லை, நிலம் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டுக் கூடுதல் இழப்பீடு வாங்கிவிட்டார்கள், அந்தத் தொகையையும் ஒதுக்கீடுதாரர்களே கட்ட வேண்டும் என்று பல ஊர்களில் பத்திரம் வருடக்கணக்கில் நின்றுபோயிருக்கிறது. வட்டித் தள்ளுபடி அறிவிப்புகள் அவ்வப்போது வருவது இதனால்தான். பத்திரம் இல்லாத வீட்டில் அறை போட்டால் அது விதிமீறிய கட்டடம். ஆகவே நம் குடியிருப்புகளில் தகரமும் கிரில்லும் பெருகியிருக்கின்றன. ஆக்கிரமிப்பு என்று எழுதிச் செல்லும் அதிகாரி அந்தத் தகரத்தின் அடியில் படுத்திருப்பவர் யார் என்றும் ஒரு வரி எழுதினால் நன்றாயிருக்கும்.

கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கியவர்கள் நிலை இதைவிட விசித்திரம். நான் அந்தக் கணக்குகளோடு வாழ்ந்தவன். தொடக்கச் சங்கம் உறுப்பினருக்குக் கடன் கொடுக்கும். அந்தப் பணத்தை மாநில இணையத்திடம் வாங்கும். இணையம் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹட்கோ போன்ற நிறுவனங்களிடம் வாங்கும். சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால், அதாவது உறுப்பினர் ஒழுங்காகக் கட்டியும் சங்கம் மேலே கட்டாமல் விட்டால், மூலப் பத்திரம் திரும்பி வராது. பைசா பாக்கியில்லாமல் கட்டிவிட்டு, பத்திரத்துக்காக அலைந்த உறுப்பினர்கள் உண்டு. சங்கத்தின் நோக்கங்களில் புது வீடு கட்டுவதோடு இருக்கும் வீட்டைப் பெருக்கிக் கட்டவும் கடன் தரலாம் என்று எழுதியிருக்கும். பெரிய வீடு கேட்டு மனுப் போடக்கூடிய ஓர் இடமாக அது இருந்திருக்கும். ஆனால் வீட்டுக் கடனைக் கைபேசியிலேயே விற்கும் காலத்தில் சங்கங்களுக்குப் போட்ட வட்டியே வசூலாகவில்லை.

இன்னோர் இடம் இருக்கிறது. அரசு அலுவலர் வாடகைக் குடியிருப்பு. அதில் ஏ, பி, சி, டி என்று வகை உண்டு, சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்கு மாற விண்ணப்பிக்கலாம், காலியானால் கொடுப்பார்கள். ஆனால் எந்த வகை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது சம்பளம். உயர் அதிகாரியும் அவர் மனைவியும் இருவராக நான்கு அறையில் இருப்பார்கள். ஐந்து பிள்ளை பெற்ற அலுவலக உதவியாளருக்கு ஓர் அறை. ஊதியம் ஏறினால் அறை கூடும், பிள்ளை பிறந்தால் கூடாது. நெய்வேலி நகரியத்திலும் திருச்சி பெல் குடியிருப்பிலும் இதே ஏற்பாடுதான். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் தன் ஊரில் வேறு கணக்கு வைத்திருக்கிறான் என்பதுதான் வேடிக்கை.

லண்டனில் வீட்டுச் சங்கங்கள் என்று இருக்கின்றன. ஜார்ஜ் பீபாடி என்ற அமெரிக்க வணிகர் 1862-இல் ஏழைத் தொழிலாளர் குடியிருப்புக்காகப் பெருந்தொகை கொடுத்தார். அந்த அறக்கட்டளை இன்றும் வீடுகளை வாடகைக்கு விடுகிறது. அதுபோல நூற்றுக்கணக்கான சங்கங்கள் அங்கே இருக்கின்றன. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சங்கங்களின் வாடகை வீட்டில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தாலோ, மகன் பெரியவனாகிவிட்டாலோ, பெரிய வீட்டுக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தில் பெயருக்கு அடுத்து வருவது யார் யார் இருக்கிறீர்கள், என்ன வயது, ஆணா பெண்ணா என்பது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. தம்பதிக்கு ஓர் அறை. வயது வந்த மற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. பத்து வயதுக்குட்பட்ட இரு குழந்தைகள் ஓர் அறையைப் பகிரலாம். பத்து தாண்டிய அண்ணனும் தங்கையும் பகிரக் கூடாது. இருக்கும் அறைக்கும் வேண்டிய அறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வரிசையில் இடம் கொடுப்பார்கள். கணவன் மனைவி அல்லாத, பத்து வயது கடந்த ஆணும் பெண்ணும் ஒரே அறையில் உறங்கும்படியான வீடு சட்டப்படி நெரிசல் வீடு என்று 1935-லேயே எழுதிவிட்டார்கள். நம் குண்டு குழு 2012-இல் கண்டுபிடித்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே வீடு சங்கத்துக்குச் சொந்தம். நீங்கள் பெரிய வீட்டுக்கு மாறினால் உங்கள் பழைய சின்ன வீடு அடுத்த சின்னக் குடும்பத்துக்குப் போகும். பிள்ளைகள் போய்விட்ட வீட்டுக்காரரும் இடம் போதாத வீட்டுக்காரரும் சங்கத்தின் அனுமதியோடு வீட்டை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. நாமோ வீட்டை விற்றுவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறோம். வாரிய வீடு கேட்பவர் அரசு அமைப்பு எதன் வழியாகவும் ஏற்கெனவே வீடோ மனையோ வாங்கியிருக்கக் கூடாது. ஒருவருக்கு ஆயுளில் ஒரு தடவைதான் வீடு தேவைப்படும் என்று நினைத்து எழுதிய விதி.

லண்டனைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. இங்கிலாந்தில் சமூக வீடு கேட்டுப் பட்டியலில் நிற்கும் குடும்பங்கள் ஏறக்குறைய 13 லட்சம். பெரிய வீடுகள்தான் மிகக் குறைவு; பையன் பத்து வயதில் எழுதிப்போட்ட மாற்றம், அவன் கல்லூரிக்குப் போகும்போது வந்தாலும் வரும். 2013-இலிருந்து, உதவித் தொகை பெறும் குடும்பத்துக்கு ஓர் அறை உபரியாக இருந்தால் வாடகையில் 14 சதவீதத்தையும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதத்தையும் உதவியிலிருந்து பிடித்துவிடுகிறார்கள். மகன் தனியாகப் போய்விட்டால் கட்டில் காலி என்று கணக்குப் பார்க்கும் அளவுக்கு எண்ணுவதும் ஒரு கொடுமை.

எனக்கு அதைவிடச் சிங்கப்பூர் பிடித்திருக்கிறது. அங்கே 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். இன்று ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அந்தக் கழகம் கட்டிய வீடுகளில். முதல் வீட்டில் குறைந்தது ஐந்து வருடம் குடியிருந்தால் விற்றுவிட்டுப் பெரிய வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாம் தடவையும் சலுகை விலை உண்டு, முதல் சலுகைக்கு ஈடாக ஒரு தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். 2013-இல் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைக்கென்றே நான்கு படுக்கையறை வீடு கொண்டுவந்தார்கள். பெற்றோரோடு சேர்ந்து குடியிருக்க மறுவிற்பனையில் வீடு வாங்கினால் அரசு 30 ஆயிரம் வெள்ளி கொடுக்கிறது. நான்கு கிலோமீட்டருக்குள் குடிபோனால் 20 ஆயிரம். கூடி இருக்கக் காசு கொடுக்கிற அரசு! இங்கே அட்டையைப் பிரித்தால்தான் எதுவும். சிங்கப்பூரிலும் நம்மவர்களுக்கு ஒரு முள் இருக்கிறது. 1989-இலிருந்து ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை சதவீதம் என்று வரம்பு உண்டு. சீனர் ஒதுக்கீடு நிரம்பிவிட்ட கட்டடத்தில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது என்றால், விற்கவிருக்கும் தமிழருக்கு வாங்குபவர் கிடைப்பதே பாடு.

நம்மிடம் வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, யாரும் சொல்லவில்லை. 2015-இல் வந்த பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் பயனாளி தானே கட்டிக்கொள்ளும் பிரிவு ஒன்று உண்டல்லவா? அதில் புதிதாகக் கட்டுவதோடு வீட்டைப் பெருக்குவதும் சேர்த்தி. 21 சதுர மீட்டருக்கும் குறைவான கான்கிரீட் வீடு வைத்திருப்பவர் குறைந்தது 9 சதுர மீட்டர் கூட்டிக் கட்டலாம், உதவி உண்டு. 9 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் தொண்ணூற்றேழு சதுர அடி. பத்துக்குப் பத்துக்குக் கொஞ்சம் குறைய. மாடிப்படித் திருப்பத்தில் படிக்கிற பெண்ணுக்கு அந்த ஓர் அறை போதும். புது வீட்டுக்குச் சாவி கொடுப்பதைப் படம் பிடித்துப் போடலாம், ஓர் அறைக்கு யார் படம் பிடிப்பார்கள்? அதனால்தானோ என்னவோ, அந்தச் சலுகையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாநிலத் திட்டங்களிலும் அளவு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2011-இல் பசுமை வீடு 300 சதுர அடி. 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, மூன்றரை லட்ச ரூபாய். நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் தனியாக இருக்கும் கிழவிக்கும் 360, ஏழு பேர் வீட்டுக்கும் 360. அடுக்குமாடிகளில் இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. பழைய 1994 சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொள்ளலாம். முன்பு ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் கதை முடிந்தது. வாரிய அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடிப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை தம்பதி என்று எழுதி வாங்காமல், பழைய கதவுக்கு ஒரு புதுக் கதவு என்று எண்ணினால் புதுக் கட்டடமும் பத்து வருடத்தில் தகரம் அடிக்கத் தொடங்கிவிடும். தனி வீட்டுக்காரர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் இணையவழியில் உடனே அனுமதி. அதற்கும் பத்திரம் வேண்டும். எங்கே சுற்றினாலும் பத்திரத்தில் வந்து நிற்கிறது, பாருங்கள்.

ஒன்றை மட்டும் மனம் கனத்துச் சொல்கிறேன். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி புயல் மழையில் நம் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து, ஒரு வீட்டுக்குள் சிக்கி 7 பேர் போனார்கள். அதில் ஐவர் குழந்தைகள். மலைச் சரிவில் யாரும் ஆசைப்பட்டு வீடு கட்டுவதில்லை. கீழே இடம் போதாதபோது குடும்பங்கள் மேலே ஏறுகின்றன. அங்கிருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மாற்றும்போது தலைகளை எண்ணி, அதற்கேற்ற வீடு கொடுங்கள். நான்கு பேருக்கு அளந்த வீட்டில் ஒன்பது பேரை அடைத்தால், அவர்களில் பாதிப் பேர் மறுபடி மலையேறுவார்கள்.

அதிகாரிகள் யாராவது இந்த அவையில் இருந்தால் நான் கேட்பது பணமில்லை. வாரியத்தின் படிவத்திலும் கூட்டுறவுச் சங்கத்தின் படிவத்திலும் ஒரு பத்தியைச் சேருங்கள்: வீட்டில் உறங்குவோர் எத்தனை பேர், அவரவர் வயது என்ன, தம்பதியர் எத்தனை, இருக்கும் அறைகளின் நீள அகலம் என்ன. சொந்த வீடு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு கட்டத்தோடு, போதவில்லை என்று மூன்றாவது கட்டம் போடுங்கள். சின்ன வாரிய வீட்டை வாரியத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வித்தியாசத் தொகை கட்டிப் பெரிய வீடு வாங்க ஒரு விதி எழுதுங்கள். திரும்பி வந்த சின்ன வீட்டுக்கு வரிசையில் ஆயிரம் பேர் நிற்பார்கள், வாரியத்துக்கு நட்டமில்லை.

குடியிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நுழைவாயிலருகே மேசையில் வெள்ளைத் தாள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் டேப் வைத்து ஒவ்வோர் அறையையும் அளந்து எழுதுங்கள். அதன் கீழே அந்த அறையில் இரவில் படுப்பவர்களின் வயதை எழுதுங்கள், பெயர் வேண்டாம். கூடத்தில் படுப்பவர், திண்ணையில் படுப்பவர், மாடியில் படுப்பவர் யாரையும் விடாதீர்கள். விற்பனைப் பத்திரம் கையில் இருக்கிறதா என்றும் ஒரு வரி. "மிகுந்த சிரமத்துடன்" என்றெல்லாம் எழுத வேண்டாம். அளவும் வயதும் போதும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாக, தனித்தனி அட்டையாகப் பிரியாமல், வருகிற திங்கட்கிழமை எதிரே இருக்கும் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குவோம். தாளை ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சேர்த்துவிடுங்கள்.